வரைபடத்தில் சுமதியம்மை

செங்கல்
6 ஜனவரி 2024

அன்புள்ள மினிக்கு,

உன் பள்ளிக்கூட முகவரிக்கு எழுதுகிறேன். புனே வீட்டுக்கு அனுப்பினால் உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உன் வீட்டுக்காரன் ஸ்ரீகுமார் கிழித்துவிடுவான். கூடப்பிறந்த அக்காவான என் நம்பரைத் தடுத்து வைத்து இரண்டு வருஷம் ஆகிறது அவனுக்கு. உன்னைப் போனில் கூப்பிடலாம் என்றால், அவன் பக்கத்தில் இருக்கும்போது நீ எடுத்து என்ன பேசுவாய்? அதுவும் போக, இதோடு மடித்து வைத்திருக்கிற காகிதம் போனில் பார்க்கிற காரியம் இல்லை. மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும்.

இது நூறு வருஷத்துக்கு முந்தைய சர்வே வரைபடம். ஒரு மைல் நிலத்தை ஒரு அங்குலத்துக்குள் அடக்கியது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூகோள வகுப்பில் சொந்த ஊரைக் காட்டலாமே என்று தேடினேன். ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகம் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. நெய்யாற்றின்கரையில் பிளெக்ஸ் அடிக்கிற கடையில் கொடுத்துப் பெரிதாக இரண்டு பிரதி எடுத்தேன். கடைக்காரன் இது எந்தக் கட்சிக்கு டீச்சர் என்று கேட்டான்.

இதில் நம் ஊரைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். ரயில் இல்லை, கால்வாய் இல்லை. ரப்பர் பெயருக்குக்கூட ஒரு மரம் இல்லை, பனையும் தென்னையும்தான். உதியன்குளங்கரையில் ஒரு வளைவும் ஒரு கிணறும், அவ்வளவே. களியக்காவிளைக்கும் நமக்கும் நடுவில் கோடே கிடையாது. இன்றைக்கு அங்கே செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

கிழக்கே உன் ஆரியங்கோட்டுப் பக்கத்திலிருந்து சந்தைக்கு ஒரு ஒற்றையடிப் பாதை புள்ளிக்கோடாக வருகிறது. அதன் மேல் விரலை வைத்துக் கூடவே வந்தேன். ஏலா வயலைத் தாண்டி, மேடு ஏறி, நேராக நம் வீட்டுத் தோட்டத்துக்குள், விளைக்குள் நுழைகிறது. விளையின் தெற்கு மூலையில், நாம் சுமதியம்மை என்று கும்பிடுகிற மூன்று கல் இருக்கிற அதே இடத்தில், பொடி எழுத்தில் ஒரு சொல். பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். ஆங்கில எழுத்தில் 'சுமதாங்கி' என்று இருக்கிறது.

சுமதியம்மை இல்லை மினி, சுமதாங்கி. தலைச்சுமட்டோடு வருகிறவன் இன்னொருத்தனைக் கைத்தாங்கலுக்குக் கூப்பிடாமல் தானே சாய்த்து இறக்கி இளைப்பாற நட்ட சுமைதாங்கிக் கல். இரண்டு நெட்டுக்கல், மேலே ஒரு குறுக்குக்கல். லாரி வந்து தலைச்சுமடு நின்ற பிறகு கல்லுக்கு வேலை இல்லை. யாரோ ஒருத்தி விளக்கு வைத்திருக்கிறாள். விளக்கு வைத்தால் அம்மைதானே. சுமதாங்கியம்மை நாலு தலைமுறை வாயில் அரைபட்டு எங்கள் காலத்துக்குச் சுமதியம்மை ஆகிவிட்டாள். நானே வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் ஊற்றுகிறேன்.

பிரசன்னம் வைத்த ஜோசியர் அந்தப் பெயரைக் கேட்டுத்தானே கதை கட்டினார்? இந்தக் குடும்பம் வஞ்சித்த சுமதி என்ற பெண் யட்சியாகி நிற்கிறாளாம். காருக்கு வழி எடுக்க என் வீட்டுக்காரர் சதாசிவன் ஜேசிபி விட்டபோது அவள் தலைக்கல் விழுந்ததாம். அந்தக் கோபத்தில்தான் உங்கள் பிள்ளையை வயிற்றிலேயே எடுத்தாளாம். அன்றோடு எனக்குத் தம்பி இல்லாமல் போனான். போன ஆவணியில் என் மகள் ஆர்யாவின் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார்.

இப்போது பங்குனி உத்திரத்துக்குப் பிரதிஷ்டை, பிறகு கல்லைச் சுற்றி மதில் என்று சொர்ணம்மாள் சித்தி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறான். மதில் வந்தால் பின்னால் இருக்கிற பொன்னப்பன் குடும்பத்துக்கு வழி அடைபடும். எனக்கோ, என் மேல் விழுந்த பழி சிமென்டில் ஏறி நிரந்தரமாக நிற்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமே நடக்கவில்லை. இந்தக் காகிதத்தை அவனிடம் காட்டு. எஞ்சினியர் அல்லவா, அளவுகோலை வைத்துச் சொன்னால் நம்புவான்.

அன்புடன்,
ஸ்ரீகலா


புனே
18 ஜனவரி 2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் தமிழ் அம்மா வீட்டில் சொல்லித் தந்த தமிழ். படித்தது எல்லாம் மலையாளத்தில். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை இரண்டு நாள் ஸ்டாஃப் ரூமில் என் மேசைக்குள் வைத்திருந்தேன். அதை நான் உங்கள் தம்பியிடம் காட்டப் போவதில்லை.

நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது புரிகிறது. ஆனால் ஒன்று யோசித்தீர்களா அக்கா? கல் காரணம் இல்லை என்றால் பின்னே யார் காரணம்?

ஏழாம் மாதம். துடிப்பு இல்லை என்று சொன்னார்கள். எதனால் என்று கேட்டேன். காரணம் சொல்ல முடியாது, சிலருக்கு இப்படி ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னார். நான் இரண்டு மாதம் காரணம் இல்லாமல் இருந்தேன். சொர்ணம்மாள் சித்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவார். பப்பாளி தின்றாயா, ஸ்கூட்டரில் போனாயா, கிரகணத்தன்று வெளியே இறங்கினாயா என்று கேட்பார். உங்கள் தம்பி ஒன்றும் கேட்க மாட்டார். கேட்காமல் என் முகத்தைப் பார்ப்பார். அது சித்தி கேட்பதைவிடக் கஷ்டம்.

பிறகு அவர் ஊருக்கு வந்து பிரசன்னம் வைத்தார். ஒரு காரணம் கிடைத்தது. அது உங்கள் விளையில் இருந்தது. என் வயிற்றில் இல்லை. சித்தி கூப்பிடுவதை நிறுத்தினார். அன்றைக்கு நான் உறங்கினேன்.

உங்களுக்கு நடந்தது நியாயம் என்று சொல்லவில்லை. ஆர்யாவின் கல்யாணத்தன்று இங்கே எங்கள் வீட்டில் சமையல் நடக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கல்லை எடுத்துவிட்டால் எனக்குப் பிடித்து நிற்க ஒன்றும் இல்லை. மதில் வரட்டும். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

மினி


செங்கல்
30 ஜனவரி 2024

மினிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன், என்னால் ஆகவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. நீ உறங்கினாய், நான் உறங்கினேனா என்று ஒரு கடிதம் எழுதி, அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மறுநாள் உன் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். சித்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னைக் குடைந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் போனைப் பிடுங்கி ஏலாவில் எறிந்திருப்பேன். பப்பாளியாம். சித்தி ஐந்து பிள்ளை பெற்றது பப்பாளி மரத்தடியில் குடியிருந்துகொண்டு.

சரி, இப்படிச் செய்வோம். வரைபடத்தை நான் நம் குடும்பத்தில் வேறு யாரிடமும் காட்டவில்லை. சதாசிவனுக்குக்கூடத் தெரியாது. என்னிடம் இருக்கிற பிரதி என் அலமாரியிலேயே இருக்கட்டும். மதில் வரட்டும். டீச்சர் வீட்டுக்காரர் யட்சியின் தலையைத் தட்டினார், பிள்ளை போயிற்று என்று ஊர் சொல்கிறதைச் சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நீ உறங்கு. மனத்தாங்கல் இல்லாமல் இதை எழுதுகிறேன் என்றால் பொய். மனத்தாங்கல் உண்டு. அதோடு சேர்த்துத்தான் சொல்கிறேன், நீ உறங்கு.

பொன்னப்பனிடம் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. வழி அடைபடப் போகிறது என்று போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "சாமிக்கு மதிலு வேணும், சரியாக்கும். மனுசன் எதிலே போவான் டீச்சரே?" என்றார். அவர் மனைவி பிரேமகுமாரி காப்பி கொண்டுவந்து தந்தாள். அதைக் குடிப்பதுதான் எனக்கு அன்றைக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

மனம் ஒரு நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்தப் புள்ளிக்கோட்டின் வழியாகக் கிழக்கே நடந்தேன். பாதியில் ஒரு வீட்டு மதில். சுற்றிப் போனால் ரப்பர் தோட்டம். அதற்கப்புறம் கோடு ஒரு வீட்டின் அடுக்களைக்குள் போகிறது. அந்த வீட்டம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவள் என்னைப் பிரித்தானியர் காலத்து அதிகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, முன்வாசல் வழியாக விட்டுப் பின்வாசலைத் திறந்து தந்தாள். நூறு வருஷப் பாதையை யாரோ ஒருத்தி இன்னும் திறந்து விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே சொல் வரைபடத்தில் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். இன்னொன்றின் குறுக்குக்கல் ஒரு கிணற்றங்கரையில் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. படம் வரைய வந்தவன் வெயிலில் நின்று யாரிடமோ இது என்ன என்று கேட்டிருப்பான். அவர்கள் சொன்ன சொல்லைத் தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போயிருக்கிறான். யார் நட்டது, ஏன் நட்டது என்பதெல்லாம் அவனுக்கு எதற்கு?

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சதாசிவன் மேப் என்றாலே கொட்டாவி விடுகிற மனுஷர். வேறு யாரிடம் சொல்ல?

ஸ்ரீகலா


புனே
13 பிப்ரவரி 2024

அக்கா,

அந்தக் கல்லின் மேல் துணி துவைக்கிறார்களா? வாசித்ததும் எனக்கு ஸ்டாஃப் ரூமில் உட்கார முடியவில்லை. மைதானத்தை மூன்று சுற்று நடந்தேன். பிள்ளைகள் மினி மிஸ்ஸுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? சுமைதாங்கியை யாருக்காக வைப்பார்கள் என்று?

ஆரியங்கோட்டில் என் அம்மா வீட்டிலிருந்து முக்குக்கு இறங்கும் வழியில் ஒன்று உண்டு. அம்மா கையில் எது இருந்தாலும் அதன் மேல் ஒருக்கால் வைத்து எடுப்பாள். ரேஷன் அரிசி, தேங்காய், ஒன்றும் இல்லை என்றால் குடை. குடையை வைத்து எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கு என்று கேட்டேன். அம்மா சொன்னது அப்படியே நினைவு இருக்கிறது. "வயித்துப் பிள்ளையோட செத்தவளுக்கு வச்ச கல்லாக்கும் மக்களே. அவளுக்குச் சொமடு எறங்கல்ல. வாறவியளும் போறவியளும் ஒருக்கா எறக்கி வச்சா அவளுக்கும் கொஞ்சம் எறங்கும்."

இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் கல்யாணம் முடிந்து செங்கல் வீட்டில் விளக்கு வைக்கக் கூட்டிப் போனபோது, அந்தக் கல்லில் பட்டு சுற்றிப் பூ வைத்திருந்தது. சுமதியம்மை என்றார்கள். கும்பிட்டேன். பட்டுக்குள் இருந்தது எனக்குத் தெரிந்த கல் என்று நான் நினைக்கவே இல்லை.

சுமதி என்று ஒருத்தி இல்லை. நீங்கள் கண்டுபிடித்தது சரி. ஆனால் பேர் தெரியாத ஒருத்தி உண்டு அக்கா. அவள் என் பிள்ளையை எடுத்திருக்க மாட்டாள். அவளுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்ற ஒரு வித்தியாசம் மட்டும்தான். அவளை விரட்டத்தான் இரண்டு வருஷமாக என் கையில் கறுப்புச் சரடு கட்டியிருந்தது.

அவளையும் பப்பாளி தின்றாளா என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் கல்லை நட்டவர்கள் கேட்கவில்லை. அவளுக்குக் கனத்தது என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காரணம் தெரியாமலேயே கல் நட்டிருக்கிறார்கள். இதை நினைத்து நினைத்து அழுதேன். ஆனால் பழைய அழுகை மாதிரி இல்லை.

முந்தாநாள் சரடை அறுத்தேன். உங்கள் தம்பி பார்த்தார். என்னால் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. மதில் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பிரதிஷ்டை செய்து தருகிற தந்திரிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். மன்னிப்புப் பூஜைக்குத் தம்பதியாக உட்கார வேண்டும், நானும் வர வேண்டும் என்றார். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்க நான் ஒன்றும் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. கல்யாணம் ஆன பிறகு அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் வருவதற்குள், கீழே விழுந்து கிடக்கிற அந்த மேல்கல்லைத் தூக்கி அதன் இடத்தில் வைக்க முடியுமா? சாமிக்காக இல்லை. யாராவது சுமட்டோடு வந்தால் இறக்கி வைக்க.

மினி


செங்கல்
28 பிப்ரவரி 2024

என் மினிக்கு,

எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் பூகோளம் படிப்பித்துப் படிப்பித்து, கல்லைப் பார்த்தால் கிரானைட் என்று மட்டும் தெரிகிற கண்ணாகிவிட்டது இது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கல் அப்படி ஒருத்திக்காக நட்டதுதானா என்று எனக்குத் தெரியாது. சந்தைக்குப் போகிறவர்களின் கழுத்து நோகாமல் இருக்க யாராவது தருமமாகவும் நட்டிருக்கலாம். வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை. டீச்சர் புத்தி, சொல்லாமல் இருக்க முடியாது. ஆனாலும் உன் கடிதம் வந்த அன்றைக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு போனவள், ஊற்றாமல் அதைக் கல் மேல் வைத்துவிட்டு நின்று அழுதேன். உங்கள் பிள்ளைக்காக நான் அழுதது அன்றைக்குத்தான். அதுவரை என் மேல் வந்த பழிக்காகத்தான் அழுதிருந்தேன்.

சதாசிவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருஷமாக அந்த மூலைக்கே போகாத மனுஷர். ஜேசிபிக்காரனைக் கூப்பிட்டது தான்தானே என்று அவருக்குள்ளே அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு போய்ச் சங்கிலிக் கப்பி வாடகைக்கு எடுத்து வந்தார். பொன்னப்பனும் வந்தார்.

நெட்டுக்கல்லைச் சுற்றி மண் ஏறி, கல் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. தோண்டித் தூக்க வேண்டும். எவ்வளவு தூக்க என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை. சதாசிவன் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணக்குச் சொல்கிறார். பொன்னப்பனுக்கு அது ஒத்துவரவில்லை. கடைசியில் பொன்னப்பன், பிரேமகுமாரியை வீட்டிலிருந்து ஒரு சாக்கு மரச்சீனிக் கிழங்கைக் கொண்டுவரச் சொல்லித் தலையில் வைத்துக்கொண்டு கல்லருகே போய் நின்றார். "குனியப்பிடாது, எக்கவும் பிடாது. சும்மா சாய்ச்சா எறங்கணும்" என்றார். அப்படியே நிறுத்தினோம். மரச்சீனி பாரம் தாங்காமல் அவர் பட்ட பாட்டில் பிரேமகுமாரி சிரித்துவிட்டாள். வழி அடைபடும் என்று நான் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

பட்டைச் சுற்றவில்லை. விளக்கு மட்டும் கீழே வைக்கிறேன். மேல்கல் வெறுமையாக இருக்கட்டும் என்று தோன்றியது. ஸ்ரீகுமார் வந்து என்ன ஆட்டம் ஆடுவானோ தெரியாது. சின்ன வயதில் அவன் பிடிவாதத்துக்கு எங்கள் அப்பாவே பயப்படுவார்.

உன்
ஸ்ரீகலா அக்கா


புனே
17 மார்ச் 2024

அக்கா,

உங்கள் தம்பி இந்த வாரம் கன்னியாகுமரி ரயிலில் புறப்படுகிறார், தனியாக. வீட்டில் அவசியத்துக்கு மட்டும்தான் பேச்சு. நீங்கள் கல்லை நிறுத்தியதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பரிகாரம் கேட்டுவிட்டு வருவார்.

அவர் கையில் ஒரு நீலப் பை கொடுத்து அனுப்புகிறேன். அதில் அந்த ஏழு மாதத்தில் நான் வாங்கின எல்லாம் இருக்கிறது. துணிகள், ஒரு சின்ன மெத்தை, தொட்டில் கட்டுகிற மரச்சட்டமும் இரும்புச் சங்கிலியும். பிறப்பதற்கு முன்னால் வாங்கக் கூடாது என்பார்கள். நான் வாங்கினேன். அது தெரிந்தால் அதுவே காரணம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் காட்டவில்லை, அவரிடமும். இரண்டு வருஷமாக என் சேலைகளுக்கு அடியில் இருந்தது. எறிய முடியவில்லை. இந்தப் பிள்ளைக்கு வாங்கினதை வேறு பிள்ளைக்குக் கொடுத்தால் அவர்கள் மனம் சங்கடப்படும்.

உங்கள் வீட்டில் எங்காவது வையுங்கள். அக்காவுக்குள்ள சாதனம், கொஞ்சம் சாமான் என்றுதான் அவரிடம் சொன்னேன். தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனமாக என்ன என்று கேட்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அவருக்கு வாசலைத் திறப்பீர்கள் அல்லவா?

மினி


செங்கல்
23 மார்ச் 2024

மினி,

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் டீச்சர் புத்தி வந்து அடித்துத் திருத்தத் தொடங்கிவிடுவேன்.

வாசலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஸ்ரீகுமார் வாசல் வழியாக வரவில்லை. தண்ணீர்க் குழாய் போட முன்ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஆட்டோக்காரன் அவனைக் கிழக்கே இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவன் பின்பக்கமாக, பொன்னப்பன் வீட்டைத் தாண்டி வருகிற பழைய பாதையில் நடந்து வந்திருக்கிறான். பொன்னப்பன் சத்தம் கொடுத்ததைக் கேட்டு நான் விளைக்கு ஓடினேன்.

முதுகில் அவன் பை, தலையில் உன் நீலப் பை. தோளில் போட்டு வலித்திருக்கும், தலைக்கு ஏற்றிவிட்டான். எஞ்சினியர் சாரை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. மேடு ஏறி, வேர்த்து வழிந்து, கல்லருகே வந்ததும் நின்றான். தலையைச் சாய்த்தான். பை கல்லின் மேல் இறங்கி உட்கார்ந்தது. அவன் யோசித்துச் செய்யவில்லை மினி. கழுத்து வலித்தது, தலைக்கு நேராக ஒரு கல் இருந்தது, இறக்கினான், அவ்வளவுதான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்த பிறகுதான் எதன் மேல் வைத்தான் என்று பார்த்தான். கீழே கிடந்த கல் நிற்கிறது. பட்டு இல்லை. கொஞ்ச தூரத்தில் நான் நிற்கிறேன்.

கத்துவான் என்று நினைத்தேன். பையை எடுக்கப் போனான். கை அதன் மேலேயே நின்றுவிட்டது. "எலே, வா" என்று மட்டும் சொன்னேன்.

"இது எனக்க பிள்ளைக்க சாதனமாக்கும் அக்கா" என்றான். "அவ சொல்லல்ல. ரயில்ல தொறந்து பாத்தேன்."

பிறகு அந்தப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ எழுதியது, உன் அம்மா சொன்னது, வரைபடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேப்பைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் சொன்னதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

"ஆபீஸ்ல எனக்க மேசைக்குள்ள ஒரு கிலுக்கு கெடக்கு. அவ அறியாம வாங்கினதாக்கும். டிராயரு தொறக்கும்போ எல்லாம் அது கிலுங்கும். அதை எடுத்துக் களையவும் முடியல்ல, அந்த டிராயரைத் தொறக்காம வேலை செய்யவும் முடியல்ல."

நீ சேலைக்கு அடியில் வைத்திருந்தாய், அவன் கிலுகிலுப்பையை மேசைக்குள் வைத்திருந்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு. அவன் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்தான் என்று எழுதியிருந்தாயே, அது உன்னைக் குற்றம் சொல்லிப் பார்த்த பார்வை இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதை நீதான் அவனிடம் கேட்க வேண்டும்.

இன்று காலையில் மதிலுக்கு அளவெடுக்க மேஸ்திரி வேதமணி கயிறும் டேப்புமாக வந்தார். ஸ்ரீகுமார் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான், தந்திரியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி. பொன்னப்பன் அந்த வழியாக முக்குக்குப் போனார், வந்தார், திரும்பவும் போனார். இன்றைக்கு அவருக்கு முக்கில் அப்படி என்ன வேலையோ.

கிலுக்கு விஷயத்தை உனக்கு எழுதச் சொல்லி அவன் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் பை இன்னும் கல்லின் மேல்தான் இருக்கிறது. உள்ளே எடுத்து வைக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டு அக்கா" என்கிறான்.

ஸ்ரீகலா அக்கா